பழைய பிரெஞ்சு நாற்காலி: காலைப் பார்த்தால் காலம் தெரியும்

பாரிஸின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது சேந்த்-உவான் பழைய பொருள் சந்தை. சனி, ஞாயிறுகளில் அங்கே ஒரு சுற்று வந்தால் நூறு நாற்காலியாவது கண்ணில் படும். அதில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு லூயி ராஜாவின் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு சீட்டை நம்பி நானும் ஒரு நாற்காலி வாங்கினேன். முட்டை வடிவச் சாய்மானம், வெளிர் சாம்பல் பூச்சு, கால் நெடுக நேர்க்கோடாகப் பள்ளங்கள். பதினாறாம் லூயி காலத்துச் சாமான் வீட்டுக்கு வந்துவிட்டது என்று இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். மூன்றாம் நாள் துணி மாற்றக் கொண்டுபோனேன். மெத்தை வேலை செய்யும் பெரியவர் அதைத் தூக்கிக் கவிழ்த்தார், அடியில் ஒரு பார்வை பார்த்தார். "உங்கள் பாட்டி வயது இருக்கும்" என்றார்.

சீட்டில் பொய் எதுவும் இல்லை. "ஸ்தீல் லூயி ஸேஸ்" என்றுதான் எழுதியிருந்தது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை. பிரெஞ்சு வியாபாரத்தில் "எபோக் லூயி ஸேஸ்" என்றால் அந்த ராஜா காலத்திலேயே செய்தது. "ஸ்தீல்" என்றால் அந்தப் பாணியில் பிற்பாடு எப்போது வேண்டுமானாலும் செய்தது. 1981 மார்ச் 3-ஆம் தேதி அரசாணைப்படி, ஒரு பொருளோடு காலத்தின் பெயரைச் சேர்த்து விற்றால் அது அந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு விற்பவர் பொறுப்பு. "ஸ்தீல்" என்று போட்டுவிட்டால் எந்தப் பொறுப்பும் கிடையாது.

ஆகவே கேள்வி இரண்டு. இது எந்தப் பாணி? இது எந்தக் காலத்தில் செய்தது? முதல் கேள்விக்கு நாற்காலியை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்குக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்தால் என்னைப் போல் ஏமாற வேண்டியதுதான்.

கடைக்காரர் வாயில் வரும் எண்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: லூயி த்ரேஸ் என்றால் பதின்மூன்றாம் லூயி, காதோர்ஸ் பதினான்கு, காஞ்ஸ் பதினைந்து, ஸேஸ் பதினாறு.

முதல் படி: காலைப் பாருங்கள்

நம் ஆட்கள் இதற்குப் பெயர் வைத்ததே காலை வைத்துத்தான். நாற்காலி. சாய்மானத்தையும் துணியையும் பார்த்து மயங்குவதற்கு முன் குனிந்து காலைப் பாருங்கள். வேலை முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும்.

கடைசலில் கடைந்த தடித்த கால், சில சமயம் கயிறு திரித்தது போல் முறுக்கு, நான்கு காலையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள்: இது பதின்மூன்றாம் லூயி பாணி (ஆட்சி 1610 முதல் 1643 வரை). ஓக் அல்லது வால்நட் மரம், தாழ்ந்த செவ்வகச் சாய்மானம், தோல் இழுத்துப் பெரிய குமிழாணி அடித்திருப்பார்கள். கோட்டைக்குள் வைக்கச் செய்தது போல் இருக்கும்.

கால் தூண் போலவோ, "ஆட்டெலும்பு" என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் வளைவாகவோ இருந்து, இணைப்புச் சட்டம் ஆங்கில எச் எழுத்து போலவோ பெருக்கல் குறி போலவோ ஓடி, சாய்மானம் தலைக்கு மேலே உயர்ந்து நின்றால் பதினான்காம் லூயி. கை வளைந்து இறங்கி நுனியில் சுருண்டுகொள்ளும். அந்த ராஜா இருந்த வெர்சாய் அரண்மனையில் யார் எதில் உட்காரலாம் என்பதற்கே சட்டம் இருந்தது. ராஜா ராணிக்குத்தான் கை வைத்த நாற்காலி. டியூக்கின் மனைவிக்கு, ராணி முன்னிலையில் சாய்மானமோ கையோ இல்லாத முக்காலி போன்ற "தபுரே" கிடைத்தால் அதுவே பெரிய கௌரவம். மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் கால் வளைகிறது. முழங்காலில் வெளியே புடைத்து, கணுக்காலில் உள்ளே ஒடுங்கி, கீழே மறுபடி வெளியே வரும் கால். அந்த வளைவு வந்த பிறகும் குறுக்குச் சட்டம் விடாமல் இருந்து, பாதம் மான் குளம்பு போல் முடிந்தால் அது ரேஜான்ஸ் பாணி. பதினைந்தாம் லூயி ஐந்து வயதில் ராஜா ஆனதால் 1715 முதல் 1723 வரை ஓர்லெயான் கோமகன் பிலிப் அவருக்காக ஆண்டார், அந்த இடைக்காலத்தின் பெயர் இது. பாணி அதற்குச் சற்று முன்பே தொடங்கி 1730 வாக்கில் ஓய்ந்தது. ராஜா மாறிய மறுநாளே தச்சர்கள் உளியை மாற்றிக்கொள்ளவில்லை. எந்தப் பாணியின் வருடக் கணக்கையும் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்ளுங்கள்.

குறுக்குச் சட்டம் முற்றிலும் போய், வளைந்த கால் மட்டும் தனியாக நின்றால் பதினைந்தாம் லூயி. கால் நேராகி, கீழே போகப் போகச் சிறுத்து, மேலிருந்து கீழே பள்ளக்கோடுகள் ஓடினால் பதினாறாம் லூயி. பின்கால்கள் மட்டும் வாள் போல் பின்னோக்கி வளைந்து, முன்கால் நேராக இருந்தால் புரட்சிக்குப் பின் வந்த திரெக்துவார் அல்லது நெப்போலியனின் எம்பயர். முன்கால் தவளைத் தொடை போல் மேலே உருண்டு தடித்து வளைந்தால் 1815-க்குப் பிந்தியது. "தவளைத் தொடை" நான் வைத்த பெயர் இல்லை, அங்கே தொழிலில் உள்ளவர்கள் சொல்வதே அதுதான்.

இரண்டாம் படி: கால் சட்டத்தைத் தொடும் இடம்

சந்தையில் உங்கள் முன்னால் வரும் நாற்காலிகளில் பெரும்பாலானவை பதினைந்தாம் லூயி அல்லது பதினாறாம் லூயி பாணியில்தான் இருக்கும். இந்த இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு இடம் போதும். முன்காலும் இருக்கையின் முன் சட்டமும் சந்திக்கும் மூலையில் விரலை வையுங்கள்.

பதினைந்தாம் லூயியில் உங்கள் விரல் எங்கும் தடுக்காது. சட்டம் வளைந்து வந்து அப்படியே காலாக இறங்கும். கொடியிலிருந்து கிளை பிரிவது போல, எங்கே சட்டம் முடிந்தது, எங்கே கால் தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஓரத்தில் ஓடும் வரிகூட சட்டத்திலிருந்து காலுக்கு அறுபடாமல் போகும். சட்டத்தின் நடுவிலும் முழங்காலிலும் சின்னதாக ஒரு பூ, பெரும்பாலும் இரண்டு பூக்கள் இலையோடு. நல்ல வேலைப்பாட்டில் அந்தப் பூவின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல் இருக்காது. மொத்த நாற்காலியிலும் ஸ்கேல் வைத்து அளக்கும்படி ஒரு நேர்க்கோடு கிடைக்காது.

பதினாறாம் லூயியில் விரல் சட்டென்று தடுக்கும். காலின் தலையில் ஒரு சதுரக் கட்டை, பகடைக்காய் மாதிரி. அதன் முகத்தில் வட்டமான ஒரு பூ. சட்டம் அந்தக் கட்டையில் வந்து முட்டி நிற்கும், கால் அதன் கீழிருந்து புதிதாகத் தொடங்கும். அலங்காரமும் மாறிவிட்டது: முத்துச்சரம், நாடா முடிச்சு, வாகை இலை. புதையுண்ட ரோமானிய நகரங்களான எர்குலானியத்தை 1738-லும் பொம்பேயியை 1748-லும் தோண்டத் தொடங்கியபின் ஐரோப்பாவுக்குப் பழைய ரோமாபுரிப் பைத்தியம் பிடித்திருந்தது. காலில் ஓடும் பள்ளக்கோடுகள் கோயில் தூணிலிருந்து வந்தவை.

சரி, சாய்மானம் முட்டை வடிவம், கால் மட்டும் வளைந்தது, இது எது? 1760 முதல் 1775 வரை இப்படிக் கலந்து செய்தார்கள், இடைமாற்றப் பாணி என்று அதற்கும் தனிப் பெயர் உண்டு. ஆனால் பிற்காலத்தில் யாரோ குழப்பிச் செய்த நகலும் இதே போலத்தான் இருக்கும். அவசரப்பட்டு "அபூர்வம்" என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாம் படி: கையும் முதுகும்

கையைத் தாங்கும் கட்டை எங்கிருந்து எழுகிறது? பதினான்காம் லூயியில் முன்காலுக்கு நேர் மேலே. ரேஜான்ஸ் தொடங்கி அது பின்னால் நகர்ந்துவிடுகிறது. காரணம் பெண்களின் உடை. இடுப்பில் கூடை கட்டி விரித்த பாவாடை வந்தபின் முன்னால் கை இருந்தால் உட்காரவே முடியாது. தச்சர்கள் கையைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டார்கள். பதினாறாம் லூயி காலத்தின் கடைசியில் உடை ஒடுங்க, கைக்கட்டை மறுபடி முன்காலுக்கு மேலே வந்துவிட்டது.

பதினைந்தாம் லூயியின் முதுகு வயலின் உடம்பு போல் இடுங்கி விரியும். அதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகு தட்டையாக இருந்தால் "அ லா ரேன்", அதாவது ராணி பாணி. சுவரை ஒட்டி வரிசையாக வைக்கச் செய்தது, சுவர் மரவேலையோடு சேர்த்தே வடிவமைத்தார்கள். உள்பக்கமாகக் குழிந்து முதுகை அணைத்தால் "காப்ரியோலே". இதுதான் பேசுவதற்கு அறையின் நடுவே இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலி. எனக்குக் கேட்டால் உட்கார இதைவிடச் சுகமான நாற்காலி பிரெஞ்சுக்காரர்கள் செய்யவில்லை.

பதினாறாம் லூயியில் முட்டை வடிவ முதுகை எல்லோருக்கும் தெரியும். சதுர முதுகும் அதே அளவுக்கு உண்டு. மெத்தை இல்லாத சின்ன நாற்காலிகளில் முதுகின் நடுவே யாழ், கோதுமைக் கதிர்க்கட்டு, ஏன், வெப்பக்காற்று பலூன்கூட வரும். 1783-ல் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன் பறக்கவிட்டார்கள், உடனே அது நாற்காலி முதுகில் ஏறிவிட்டது. அப்படி ஒன்று கிடைத்தால், அந்த வடிவம் 1783-க்கு முன் இருக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முதுகின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சுருண்டிருந்தால் திரெக்துவார் (1795 முதல் 1799 வரை). மெலிந்த கட்டைகள், வெளிர் பூச்சு, சாய்சதுரம், நட்சத்திரம். புரட்சி முடிந்து கையில் காசில்லாத காலம், அது நாற்காலியிலும் தெரியும். எம்பயரில் (1804 முதல் 1815 வரை) காசு திரும்பி வந்துவிட்டது. மகோகனி, தங்க முலாம் பூசிய வெண்கலப் பதிப்புகள், ஸ்பிங்ஸ், கழுகு, நெப்போலியனின் சின்னமான தேனீ, அவர் மனைவி ஜோசஃபீனுக்குப் பிடித்த அன்னம். எல்லாம் இடமும் வலமும் அச்சு மாறாமல், விறைப்பாக, சலாம் போடுவது போல் நிற்கும்.

பெயர்கள் கொஞ்சம்

வாங்கும்போது காதில் விழும் சொற்கள் இவை. "ஷேஸ்" கையில்லாதது. "ஃபோத்தேய்" கையுள்ளது, ஆனால் கைக்குக் கீழே திறந்திருக்கும். கைக்குக் கீழே துணியால் மூடி, மேலே தனி மெத்தை போட்டால் "பெர்ஜேர்". இருவர் நெருங்கி உட்காரும் அளவுக்கு அகன்ற பெர்ஜேர் "மார்கீஸ்". முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால், பக்கத்துக்கு ஒன்று என நிற்பது எழுதுமேசை நாற்காலி. காலை அகட்டி உட்கார்ந்து எழுத வசதி.

இதில் எனக்குப் பிரியமானது "வுவயேஸ்". முதுகின் மேல்விளிம்பில் மெத்தை வைத்துத் தைத்திருக்கும். ஏனென்று புரியாமல் முதலில் விழித்தேன். சீட்டாட்டத்தை வேடிக்கை பார்ப்பவர் நாற்காலியில் திரும்பி, முதுகைக் கட்டிக்கொண்டது போல் உட்கார்ந்து, முழங்கைகளை அந்த மெத்தையில் ஊன்றிக்கொள்வார். பாவாடை கட்டிய பெண்கள் அப்படி உட்கார முடியாதே? அவர்களுக்காக இருக்கையைத் தாழ்த்தி, முழந்தாளிட்டுப் பார்க்கும்படி ஒரு வகை செய்தார்கள்.

இன்னொரு பெயர் ஆளை ஏமாற்றும்: "வோல்தேர்". உயரமான, இடுப்பில் குழிந்த முதுகு, தாழ்ந்த இருக்கை. எழுத்தாளர் வோல்தேர் இறந்தது 1778-ல். இந்த நாற்காலி வந்தது அதற்கு நாற்பது, ஐம்பது வருடம் கழித்து. அவர் இதில் உட்கார்ந்ததே இல்லை.

நெப்போலியனுக்குப் பின்னால்

இங்கே வேகமாகப் போகலாம். 1815 முதல் 1830 வரை, பழைய ராஜ வம்சம் திரும்பி வந்து ஆண்ட ரெஸ்தோரேசியோனில் வெளிர் நிற மரம், அதில் கரு நிற மரம் பதித்த கோலங்கள், இருபுறமும் முன்னோக்கி வளைந்து வரும் படகு போன்ற முதுகு. லூயி-பிலிப் காலத்தில் (1830 முதல் 1848 வரை) மகோகனி, உருண்ட மூலைகள், நடுத்தர வீட்டுக்கான திடமான வேலை. விலையும் கையைக் கடிக்காது.

மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852 முதல் 1870 வரை) மட்டும் நிதானியுங்கள். கறுப்புப் பூச்சில் முத்துச்சிப்பி பதித்தது, ஆழமாகப் பொத்தான் வைத்துத் தைத்த மெத்தை, தரை வரை தொங்கும் குஞ்சம், எஸ் வடிவத்தில் இருவர் எதிரெதிராக உட்காரும் இருக்கை என்று அந்தக் காலத்துக்கே உரியவை ஒரு பக்கம். மறுபக்கம் பழைய ராஜாக்களின் பாணியை அள்ளி அள்ளி நகலெடுத்தார்கள். அவர் மனைவி மகாராணி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் ராணி மரி அந்துவானெத் மேல் அவ்வளவு மோகம். இன்று சந்தையில் "லூயி" என்று நிற்பதில் பெரும் பங்கு இந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் செய்தவைதான். அதனால்தான் அடுத்த படி.

நான்காம் படி: கவிழ்த்துப் பாருங்கள்

கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கவிழ்க்கவும். மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும், சாய்வாக அடித்துப் பாருங்கள்.

முதலில் மரம். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் பூச்சு பூசவும் தங்கம் ஒட்டவும் பீச் மரம், மெழுகு தேய்த்து அப்படியே விட வால்நட். மகோகனி நாற்காலிகள் பரவியது 1780-களுக்குப் பிறகுதான். தேக்கிலோ ஈட்டியிலோ செய்த "லூயி" என்றால் அது பாரிஸ் வேலை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி போன்ற இடங்களில் உள்ளூர் மரத்தில் செய்ததாக இருக்கலாம், அதற்கு வேறு மதிப்பு உண்டு, ஆனால் கதை வேறு.

அடுத்து ரம்பத் தடம். சட்டத்தின் உள்பக்கத்தை யாரும் இழைத்து மெருகேற்ற மாட்டார்கள். கை ரம்பத்தின் கீறல்கள் நேராக, ஆனால் ஒழுங்கில்லாமல் இருக்கும். கீறல்கள் வில் போல் வளைந்து, ஒரே இடைவெளியில் வந்தால் அது 19-ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட ரம்பம். என் நாற்காலியை அந்தப் பெரியவர் பிடித்தது இந்த வில் கோடுகளில்தான். அவர் டார்ச் அடித்துக் காட்டியபோது, இவ்வளவு பளிச்சென்று தெரிவதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

மூட்டில் துளையும் அதில் நுழையும் கழுந்தும் போட்டு, குறுக்கே மர முளை அடித்திருக்க வேண்டும். அந்த முளையின் தலையை விரலால் தடவுங்கள். கையால் சீவிய முளை முழு வட்டமாக இராது. இருநூறு வருடத்தில் சுற்றியுள்ள மரம் சுருங்கி, முளை சுருங்காமல், மயிரிழை அளவு துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பதினாறாம் லூயி கால்களில் இன்னொரு சோதனை: கடைந்த காலை அளவுகருவியால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். பழைய மரம் ஒரு திசையில் அதிகம் சுருங்கி லேசான நீள்வட்டமாகியிருக்கும். எந்தத் திசையிலும் துல்லிய வட்டம் என்றால் சந்தேகப்படுங்கள்.

சட்டத்தில் ஆணித் துளைகளைப் பாருங்கள். துணி ஐந்தாறு முறை மாறியிருந்தால் சல்லடையாக இருக்கும். ஒரே வரிசைத் துளை, அதுவும் ஸ்டேப்பிள் பின் என்றால் வயது குறைவு. இருக்கைக்குள் சுருள் ஸ்பிரிங் இருந்தால்? 18-ஆம் நூற்றாண்டில் அது கிடையாது, பட்டை இழுத்து மேலே குதிரைமயிர் அடைப்பார்கள். ஆனால் பழைய நாற்காலிக்கும் பின்னால் வந்தவர்கள் ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள், எனவே இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

உளுத்த துளைகள் பழமைக்குச் சான்று என்று பலர் நினைக்கிறார்கள். மேற்பரப்பில் குண்டூசித் துளைகள் இருந்தால் சரி, பூச்சி வெளியே வந்த வழி அது. ஆனால் மேற்பரப்பிலேயே வாய்க்கால் போல் நீளமாகப் பூச்சி போன பாதை தெரிந்தால், பூச்சி தின்று முடித்த பிறகு அந்த மரத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள். பழைய மரம், புது நாற்காலி.

ஐந்தாம் படி: முத்திரை, கடைசியாக மட்டும்

பாரிஸ் தச்சர் சங்கத்தின் விதிப்படி 1751 முதல் 1791-ல் சங்கங்கள் ஒழிக்கப்படும் வரை ஒவ்வொரு மாஸ்டரும் (சங்கம் ஏற்றுக்கொண்ட தலைமைத் தச்சர்) தன் பெயரைச் சூடில்லாத இரும்பு முத்திரையால் மரத்தில் அடிக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கைச் சட்டத்தின் அடியில் இருக்கும். பக்கத்தில் ஜே, எம், இ என்ற மூன்று எழுத்து இருந்தால் சங்கத்து ஆட்கள் தரம் பார்த்து ஒப்புக்கொண்டது. தில்லியார், எர்தோ, தெலனுவா, ஃபோலியோ, செனே என்று பெரிய பெயர்கள் பல. 1765-ல் மாஸ்டரான ஜோர்ஜ் ஜகோப் எல்லோரிலும் புகழ்பெற்றவர், அவர் முத்திரையில் ஜகோப் என்பதன் முதல் எழுத்து ஜே அல்ல, ஐ.

முத்திரை இல்லாவிட்டால் போலி என்றில்லை. பாரிஸிலேயே சேந்த்-அந்துவான் புறநகர்ப் பட்டறைகளும், வெளியூர்த் தச்சர்களும் அந்த விதிக்குள் வரவில்லை. முத்திரை இருந்தால் அசல் என்றும் இல்லை. பழுது பார்த்தவரும் தன் முத்திரையை அடித்ததுண்டு. போலி முத்திரை செய்வது அதைவிடச் சுலபம். நான் மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தபின்தான் பெயரைத் தேடுகிறேன். முதலில் பெயரைப் பார்த்துவிட்டால் மனசு மற்றதைப் பார்க்க மறுக்கிறது.

இதில் ஏமாறுபவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டுமில்லை. 1793 ஆகஸ்டில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் வெர்சாய் அரண்மனைச் சாமான்களைப் புரட்சி அரசு ஏலம் விட்டது. 17,000-க்கும் மேற்பட்ட ஏலத் தொகுதிகள் உலகெங்கும் சிதறின. அரண்மனை நிர்வாகம் இன்றும் அவற்றைத் தேடித் திரும்ப வாங்குகிறது. அப்படி வாங்கிய சில நாற்காலிகள் போலி என்று 2016-ல் வெளிவந்தது. செய்தவர்களில் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டு நாற்காலிகளில் பிரான்ஸின் முதல்தர நிபுணர், இன்னொருவர் கைதேர்ந்த மரச்சிற்பி. 2025-ல் நீதிமன்றம் தண்டித்தது. அந்தச் சிற்பி மரத்துக்குப் பழைய நிறம் வர அதிமதுரத்தை உருக்கிப் பூசுவது வழக்கம். சந்தேகப்பட்ட ஒரு பழம்பொருள் வியாபாரி என்ன செய்தார் தெரியுமா? இருக்கை ஒன்றை நாக்கால் நக்கிப் பார்த்தார். இனித்தது.

அந்த அளவுக்குப் போக வேண்டாம். முதல் மூன்று படிகளுக்கு அருங்காட்சியகத்தில் பழகுங்கள்: பாரிஸில் ரிவோலி தெருவில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகம், லூவரின் மரச்சாமான் அறைகள், மோன்சோ தெருவில் நிசிம் த கமோண்டோ இல்லம் (திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்). அங்கே எதையும் கவிழ்க்க விடமாட்டார்கள். நான்காம் படிக்கு மெத்தை தைக்கும் பட்டறைதான் பள்ளிக்கூடம். துணியை உரித்துவிட்டு எலும்புக்கூடாக வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள். என் நாற்காலி இரண்டு வாரம் அப்படித்தான் கிடந்தது. மஞ்சள் துணி போட்டு வாங்கி வந்தேன், இதை எழுதும்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.